பரிமாறப்படாத விருந்து

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் சென்ற ஞாயிற்றுக்கிழமை லூயி புனுவலின் ‘பூர்ஷ்வாக்களின் அடக்கமான வசீகரம்’ திரையிட்டார்கள். நீங்கள் அடிக்கடி குறிப்பிடும் இயக்குநர் என்பதால் ஆவலோடு போனேன். ஆறு பேர் விருந்துக்குப் போகிறார்கள், சாப்பிடாமல் திரும்புகிறார்கள். மறுபடி போகிறார்கள், மறுபடியும் அதே கதை. நடுநடுவே கனவுகள். வசதி படைத்தவர்களைக் கிண்டல் செய்யும் படம் என்றார்கள். எனக்கோ அவர்கள்மேல் கோபமே வரவில்லை. அவர்களைக் கன்னத்தில் அறைந்தாற்போல ஒரு கேள்வியாவது யாராவது கேட்டிருக்க வேண்டாமா? இவ்வளவு நாசூக்கு எதற்கு? கனவுக்குள் ஒளிந்துகொள்வது தப்பித்தல் இல்லையா?

ஒரு வாசகி, திருச்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்கும் அந்தக் கன்னத்து அறையைப் புனுவல் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார். 1930-இல் பாரிஸில் அவர் எடுத்த ‘பொற்காலம்’ படத்தில் ஒரு மாளிகை விருந்து வருகிறது. கூடத்தின் நடுவே குடியானவர்கள் ஏறிய வண்டி ஒன்று உருண்டு போகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. சமையலறையில் தீப்பிடித்துப் பணிப்பெண் விழுகிறாள், ஒருவர்கூடத் திரும்புவதில்லை. தோட்டத்தில் காவலாளி தன் சிறுவயது மகனைச் சுட்டுக் கொல்கிறான். விருந்தினர்கள் மாடத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். பிறகு வீட்டுத் தலைவி கைதவறிக் கதாநாயகன்மேல் கொஞ்சம் பானத்தைச் சிந்துகிறாள். அவன் அவளை அறைகிறான். அப்போதுதான் கூடம் முழுவதும் கொதித்தெழுகிறது.

படத்துக்கு வெளியிலும் அதுவே நடந்தது. வலதுசாரி அமைப்பினர் திரையரங்கில் புகுந்து திரைமேல் மையை வீசினார்கள். அந்த டிசம்பரிலேயே பாரிஸ் காவல்துறை படத்தைத் தடைசெய்தது. பல பத்தாண்டுகள் அது பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை.

நீங்கள் பார்த்த படம் வெளிவந்தது 1972-இல். புனுவலுக்கு அப்போது வயது 72. கண் அதே கண்தான், கைதான் ஓங்கவில்லை. வயதாகித் தணிந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அறை விழுந்தால் அந்தக் கூடத்துக்கு ஒன்றுகூடிக் கொதிக்க வசதியாகிவிடுகிறது. அவமதிக்கப்பட்டவர்கள் என்ற தகுதியும் வந்துவிடுகிறது. அதை அவர்களுக்குத் தரக் கூடாது என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். அதனால் எதையும் சேர்க்காமல், ஒன்றை மட்டும் எடுத்துவிடுகிறார். மேசை இருக்கிறது, வெள்ளைத் துணி இருக்கிறது, விசாரிப்புகள் இருக்கின்றன, சாப்பாடு மட்டும் வருவதில்லை.

இதை அவர் பத்தாண்டுகளுக்கு முன்பே மெக்சிகோவில் செய்து பார்த்தார். 1962-இல் வந்த ‘சங்காரத் தேவதை’யில் எடுத்துவிடப்பட்டது, அறையை விட்டு வெளியேறும் திறன். கதவு திறந்தே கிடக்கிறது, யாராலும் வாசலைத் தாண்ட முடியவில்லை. எனக்கு அதில் பிடித்த இடம் மிகச் சிறியது. நள்ளிரவு தாண்டியும் விருந்தினர்கள் கிளம்பவில்லை; சிலர் மேல்கோட்டைக் கழற்றிவிட்டுச் சாய்கிறார்கள். வீட்டுக்காரருக்கு இது முறைகேடாகப் படுகிறது. ஆனாலும் அவர்களுக்குக் கூச்சம் ஏற்படக் கூடாதே என்று தானும் கோட்டைக் கழற்றுகிறார். பின்னால் தண்ணீருக்காகச் சுவரை உடைத்துக் குழாயைப் பிளக்கிறார்கள், ஆட்டை அறைக்குள்ளேயே சுட்டுத் தின்கிறார்கள். அத்தனைக்கும் தொடக்கம் அந்தக் கழற்றிய கோட்டில் இருக்கிறது.

நீங்கள் பார்த்த படத்துக்கே வருகிறேன். மார்ட்டினி என்ற மதுக்கலவை வரும் காட்சி நினைவிருக்கிறதா? ஆறு பேரில் ஒருவரான தெவெனோ மதுவைக் கலக்கும் முறையை நண்பர்களுக்கு விளக்குகிறார்: குளிர்ச்சி, கோப்பையின் வடிவம், மெல்ல மெல்லச் சுவைக்க வேண்டிய விதம். பிறகு வெளியே காத்திருக்கும் கார் ஓட்டுநரை உள்ளே கூப்பிட்டு, அவருக்கும் ஒரு கோப்பை தருகிறார்கள். அவர் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போகிறார். அவர் போனதும், மார்ட்டினியை எப்படிக் குடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே சான்று என்கிறார்கள். எந்த ஆட்சி வந்தாலும் சாமானியர்களுக்கு நயம் வராது என்ற பேச்சும் எழுகிறது. யாரும் குரலை உயர்த்தவில்லை. கொடுத்தது நல்ல மதுதான். ஆனால் ஒரு மனிதனைப் பரிசோதனைக்கு அழைத்து, அவனுக்குத் தெரியாமலேயே தோற்கடித்து அனுப்பிவிட்டார்கள். முதல் முறை பார்த்தபோது நான் அந்த மேசையில் இருந்தவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. உங்களுக்குக் கோபம் வரவில்லை என்கிறீர்களே, அந்தச் சிரிப்புக்குள் நம்மை அழைத்துப்போவதற்காகவே கோபத்துக்கு இடம் தராமல் எடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

அவரும் வெளியே நின்று கல்லெறிந்தவர் இல்லை. அப்பா கியூபாவில் வணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டித் திரும்பியவர். மார்ட்டினி கலக்கும் தன் சொந்த முறையைப் புனுவல் நினைவுக்குறிப்புகளில் ஆசையோடு எழுதியிருக்கிறார். விருந்தே வராத விருந்தும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. நண்பர்களைச் சாப்பிட அழைத்துவிட்டு அதை மறந்துபோன கதையை அவருடைய தயாரிப்பாளர் செர்ஜ் சில்பெர்மான் சொன்னார். படம் அதிலிருந்துதான் பிறந்தது.

பாதிரியார் வரும் இடத்தையும் மறக்காதீர்கள். அவர் பிஷப், தோட்டக்காரரின் உடையில் வந்து நிற்கிறார். வெளியே தள்ளுகிறார்கள். அங்கியை அணிந்து திரும்பி வருகிறார், அதே முகம். மன்னிப்புக் கேட்டு வரவேற்கிறார்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

கனவுகளுக்கு வருகிறேன். தப்பித்தல் என்ற உங்கள் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆறு பேரும் உண்மை பேசுவது கனவில் மட்டும்தான். கர்னல் ஒருவரின் வீட்டு விருந்தில் உட்கார்கிறார்கள். வறுத்த கோழி பொம்மைக் கோழியாக இருக்கிறது. திரை விலகுகிறது. எதிரே அரங்கம் நிறையப் பார்வையாளர்கள். கீழிருந்து ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுக்கிறார். மற்றவர்கள் எழுந்து போய்விட, ஆறு பேரில் ஒருவரான செனேஷால் மட்டும் வியர்க்க வியர்க்கத் தனக்கு வசனம் தெரியாது என்கிறார். வாழ்நாள் முழுவதும் மேசையில் என்ன பேச வேண்டும் என்று தெரிந்தே வளர்ந்த மனிதரின் அடிவயிற்றுப் பயம் இது. அறையும் கேள்வி எதுவும் அவர் வாயிலிருந்து இதை வரவழைத்திருக்காது. இது கனவு என்று முன்கூட்டி நமக்கும் சொல்லப்படுவதில்லை. அவர் விழிக்கும்போதுதான் நாமும் விழிக்கிறோம். கொஞ்ச நேரத்தில் அந்த விழிப்பும் தெவெனோ கண்ட கனவு என்று ஆகிவிடுகிறது.

உங்கள் கழகத்தில் மறுபடி திரையிட்டால் கடைசிக் கனவை மட்டுமாவது பாருங்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள் எல்லோரையும் சுட்டுத் தள்ளுகிறார்கள். ஆறு பேரில் ஒருவரான வெளிநாட்டுத் தூதர் மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறார், தப்பிவிட்டார் என்றே நினைக்கிறோம். அப்போது மேசை விளிம்புக்கு மேலே ஒரு கை மெல்ல எழுந்து, தட்டில் இருக்கும் இறைச்சித் துண்டைத் தேடுகிறது.