கேம்பர் இழுக்கும் பிக்கப்: பெற்றோலா, டீசலா?

கேள்வி: கனடாவின் கல்கரியில் குடும்பத்துடன் வசிக்கும் என் மகன், பின்கொக்கியில் மாட்டி இழுக்கும் கேம்பர் (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) ஒன்றுக்கு முற்பணம் கட்டியிருக்கிறான். அதன் வெறும் எடை 7,600 இறாத்தல். பொருட்களோடு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 9,900 இறாத்தல். கோடை விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ரொக்கி மலைகளையும் பிரிட்டிஷ் கொலம்பியாவையும் சுற்றவும், மற்ற நாட்களில் 12 கிலோமீற்றர் தூரத்திலுள்ள வேலைத்தலத்துக்குப் போய்வரவும் ஒரே ஹெவி டியூட்டி பிக்கப்பையே வைத்துக்கொள்ள நினைக்கிறான். நான் கொழும்பில் காலமெல்லாம் டீசல் டபுள் கெப் ஓட்டியவன். பாரம் இழுப்பதென்றால் டீசல்தான் என்று சொல்லிவிட்டேன். அவனோ பெற்றோல் பக்கம் சாய்கிறான். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற கணக்காளர், வெள்ளவத்தை

பதில்: ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் எடையையும், அந்த 12 கிலோமீற்றர் அன்றாட ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் மகன் சொல்வதே சரி. ஆனால் அவர் அதை மலிவு என்ற காரணத்துக்காகச் சொல்கிறாரென்றால், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதையே முதலில் எழுதுகிறேன்.

இந்த வாகனங்களின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் மஞ்சள் நிறக் கோடு போட்ட சிறிய ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். பயணிகளும் பொருட்களும் சேர்ந்து இத்தனை கிலோகிராமை, இத்தனை இறாத்தலை ஒருபோதும் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அந்த இலக்கம் விளம்பரத்தில் வருவதல்ல. அந்த ஒரு வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது அதில் பூட்டியிருந்த சாமான்களைக் கணக்கிலெடுத்து எழுதப்பட்டது. ஒரே மாதிரியான இரண்டு வண்டிகள் அருகருகே நின்றாலும், ஒன்றில் தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் இருந்தால் இலக்கம் மாறிவிடும். வாங்கப் போகிறவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஸ்ரிக்கரைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மகனின் கணக்கை இப்படிப் போடலாம். பின்கொக்கியில் மாட்டும் கேம்பரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மீது இறங்க வேண்டும். குறைந்தால் கேம்பர் தெருவில் வாலாட்டத் தொடங்கிவிடும். 9,900 இறாத்தலில் 13 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,290 இறாத்தல். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு 600, பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் கொக்கிக்கு 100, பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றும் விறகு, ஜெனரேற்றர், சைக்கிள் ஆகியவற்றுக்கு 200. மொத்தம் 2,200 இறாத்தலை எட்டிவிடுகிறது.

முக்கால் தொன் வகுப்பு என்று அங்கே அழைக்கப்படும் ராம் 2500, ஃபோர்ட் எஃப்-250 போன்றவற்றில் வண்டியும் சுமையும் சேர்ந்த உச்ச எடையைப் பெரும்பாலும் 10,000 இறாத்தலில் நிறுத்திவிடுகிறார்கள். டீசல் எஞ்சினும் அதற்குரிய குளிரூட்டியும் புகை சுத்திகரிப்புச் சாதனங்களும் பெற்றோல் எஞ்சினைவிடப் பல நூறு இறாத்தல் கூடுதலானவை என்பதால், எஞ்சின் எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு சுமையை வண்டி இழந்துவிடுகிறது. அதனால்தான் நாலு கதவுள்ள, வசதிகள் நிறைந்த டீசல் 2500 ஒன்றின் ஸ்ரிக்கரில் 2,000 இறாத்தலைச் சுற்றிய இலக்கத்தையும், அதே வண்டியின் பெற்றோல் வகையில் 2,500க்கு மேற்பட்ட, சிலவேளை 3,000ஐத் தொடும் இலக்கத்தையும் காண்கிறோம். அதாவது, பலம் கூடிய எஞ்சினை வாங்கி, அந்தக் கேம்பரை அனுமதிக்கப்பட்ட எடைக்குள் இழுக்க முடியாத நிலைக்கு உங்கள் மகன் வந்துவிடக்கூடும். இழுக்கும் திறனைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் விற்பனையாளர்கள் இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லாமல் விடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது, ஏனென்றால் அந்த வண்டியில் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள்.

இனி மலை. செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப்புகளின் 6.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின் 401 குதிரை வலுவையும் 464 இறாத்தல்-அடி முறுக்குவிசையையும், அதாவது சுழற்றும் பலத்தையும், தருகிறது. ஃபோர்டின் 7.3 லீற்றர் வி8 தருவது 430 குதிரை வலு. எதிர்ப்பக்கத்தில் ஃபோர்டின் 6.7 லீற்றர் டீசல் 1,050 இறாத்தல்-அடியையும், செவ்ரோலேயின் டியூராமக்ஸ் டீசல் 2024 முதல் 975 இறாத்தல்-அடியையும் தருகின்றன. முறுக்குவிசையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் ஏற்றத்தில் வேகத்தைத் தக்கவைப்பது குதிரை வலு. பிக்கப்பும் கேம்பரும் குடும்பமும் சேர்ந்து எட்டுத் தொன் என்று கொண்டால், 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறத்தாழ 250 குதிரை வலு தேவைப்படும். காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் தன் வலுவில் சுமார் 3 சதவீதத்தை இழக்கும். கல்கரியிலிருந்து மேற்கே போகும் பெருந்தெருவின் கிக்கிங் ஹோர்ஸ் கணவாய் 1,627 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1,868 மீற்றரிலுள்ள நம் நுவரெலியாவைவிட அது தாழ்வானதே. அங்கே 401 குதிரை வலு 335 வரை இறங்கினாலும் தேவைக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள கோகிஹல்லா நெடுஞ்சாலையின் உச்சி 1,244 மீற்றர்தான்.

மிச்சம் இருக்கிறது என்பதால் வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடாது. பெற்றோல் எஞ்சின் அந்த வலுவைக் கொடுக்க நிமிடத்துக்கு 4,000, 4,500 சுற்றுகள் வரை போகும். கியர் இரண்டு மூன்று படி கீழே இறங்கும், எஞ்சின் உரத்து முழங்கும், நீங்கள் முன் இருக்கையில் இருந்தால் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பீர்கள். எதுவும் உடைவதில்லை, அந்தச் சுற்றுக்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. டீசல் அதே ஏற்றத்தை 2,000, 2,500 சுற்றில், பேச்சு தடைப்படாமல் ஏறிவிடும். இறக்கத்தில் டீசலின் மேன்மை இன்னும் தெளிவானது: டர்போவைக் கொண்டே புகைப்போக்கை நெருக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸோஸ்ற் பிரேக் அதில் உண்டு, காலால் பிரேக்கை மிதிக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைகிறது. பெற்றோல் வாங்கினால், உங்கள் மகன் இழுவை நிலைப் பொத்தானை அழுத்தி, இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்து, கேம்பரின் மின்சார பிரேக்கைச் சரியாக அமைத்துக்கொள்ளப் பழக வேண்டும். கடுகண்ணாவையில் லொறி ஓட்டுகிறவர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்று சொல்லித்தருவதை நீங்களே அவருக்குச் சொல்லலாம்.

கணக்காளரான உங்களுக்குப் பணக் கணக்கையும் தருவது முறை. 8,500 இறாத்தலுக்கு மேற்பட்ட பிக்கப்புகளுக்கு அமெரிக்காவில் எரிபொருள் சிக்கன ஸ்ரிக்கர் ஒட்டும் கட்டாயம் இல்லாததால், ஓட்டுகிறவர்களின் அனுபவத்தையே அளவுகோலாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தகைய கேம்பரை இழுக்கும்போது 100 கிலோமீற்றருக்குப் பெற்றோல் வண்டி 29 லீற்றரும் டீசல் வண்டி 21 லீற்றரும், வெறுமனே ஓடும்போது முறையே 17, 13 லீற்றரும் குடிக்கும் என்று கொள்வோம். இரண்டு எரிபொருளும் லீற்றர் 1.50 கனேடிய டொலர், டீசல் எஞ்சினுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை 12,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 15,000 கிலோமீற்றர் வெறுமனேயும் 6,000 கிலோமீற்றர் கேம்பரோடும் ஓடினால் டீசலால் மிச்சமாவது 1,620 டொலர். டீசலுக்கு ஊற்ற வேண்டிய யூரியாக் கரைசல், ஒவ்வொரு சேர்விஸிலும் 11, 12 லீற்றர் ஒயில், எரிபொருள் பில்டர்கள் ஆகியவற்றைக் கழித்தால் 1,300ஐச் சுற்றி நிற்கும். போட்ட பணம் திரும்ப ஒன்பது வருடத்துக்கு மேலாகிறது. விற்கும்போது டீசலுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது உண்மை, ஆகவே டீசல் வாங்குகிறவர் நட்டப்படுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மிச்சம் பிடிப்பதற்காக டீசல் வாங்குவது இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாத காரணம். நம் நாட்டில் டீசலுக்கு நெடுங்காலமாகப் பெற்றோலைவிடக் குறைந்த வரி விதிக்கப்பட்டு வந்ததால், ஷெட்டில் டீசல் மலிவு என்பது நம் மனதில் பதிந்துவிட்டது. அந்த நிலைமை அங்கே இல்லை.

கடைசியாக அந்த 12 கிலோமீற்றர். நீங்கள் ஓட்டிய பழைய டபுள் கெப் வேறு. இன்றைய வட அமெரிக்க டீசல் வேறு. 2007ஆம் ஆண்டின் விதிகளால் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், 2010ஆம் ஆண்டின் விதிகளால் புகையைச் சுத்திகரிக்க உதவும், 32.5 சதவீத யூரியா கலந்த டெஃப் திரவமும் அவற்றில் வந்து சேர்ந்தன. வடிகட்டியில் சேரும் கரி, எஞ்சின் நன்றாகச் சூடாகி நெடுந்தூரம் ஓடினால்தான் எரிந்து சாம்பலாகும். மார்கழி, தை மாதங்களில் பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகை வரை இறங்கும் கல்கரிக் குளிரில் கால் மணி நேரம் ஓடி நிறுத்தப்படும் டீசல், சூடாகுமுன்பே அணைந்துவிடுகிறது; கரி எரிவது பாதியில் நின்று நின்று, ஈற்றில் எச்சரிக்கை விளக்கு எரிந்து கராஜுக்கு இழுத்துச் செல்கிறது. டெஃப் திரவம் −11 பாகையில் உறைந்துவிடும். அதற்கென்று தாங்கியில் சூடாக்கி இருப்பதால் வண்டி ஓடும், ஆனால் பழுதடைய இன்னுமொரு சாதனம் கூடுகிறது. பெற்றோல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

எனவே, பெற்றோல் வண்டியை வாங்கச் சொல்லுங்கள், ஃபோர்டில் 4.30, ராமில் 4.10 என்ற பின் அச்சு விகிதத்தை (இலக்கம் கூடினால் இழுவை கூடும்) கேட்டு வாங்கினால் ஏற்றத்தில் வண்டி திணறாது. மகன் பின்னொரு நாள் 14,000 இறாத்தல் எடையுள்ள, பிக்கப்பின் தட்டுக்குள்ளேயே கொளுவும் ஃபிப்த் வீல் கேம்பருக்கு மாறி, வருடத்தின் பாதியை அதிலேயே கழிக்கத் தீர்மானித்தால், அப்போது டீசல் வேண்டும். ஆனால் அது 2500 அல்ல. ஒரு தொன் வகுப்பிலுள்ள 3500 அல்லது எஃப்-350. அத்தகைய கேம்பர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 2,800 இறாத்தலை, பிக்கப்பின் முதுகிலேயே வைக்கும்.

கேள்வி: அமெரிக்காவிலுள்ள என் தம்பி, கேம்பர் இழுப்பதற்காகப் பழைய டீசல் பிக்கப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். "டிலீட்" செய்த வண்டி, அதனால் தொல்லை இல்லை என்று விற்பவர் சொல்கிறாராம். வாங்கலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம், அம்மா. கரி வடிகட்டியையும் டெஃப் சாதனத்தையும் கழற்றியெறிந்த வண்டியையே அப்படிச் சொல்கிறார்கள். அது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்துக்கு முரணானது. புகைப் பரிசோதனை உள்ள மாநிலங்களில் பதிவைப் புதுப்பிக்க முடியாமல் போகும், பல கராஜ்கள் கைவைக்க மறுக்கும். அந்தப் புகையை முன்னால் நின்று சுவாசிப்பவர்கள் கேம்ப் தளத்திலுள்ள பிள்ளைகள் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

சாதனங்கள் கழற்றப்படாத வேறு டீசல் பார்ப்பதானால், உயர் அழுத்த எரிபொருள் பம்ப் எது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். பொஷ் நிறுவனத்தின் சிபி4 பம்ப் உட்புறம் தேய்ந்து உடைந்தால், உலோகத் துகள்கள் எரிபொருள் குழாய்கள் முழுவதும் பரவி, இஞ்ஜெக்ரர்கள் உட்பட அனைத்தையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவில் சிறிய கார் ஒன்றை வாங்கிவிடலாம். 2011 முதல் 2016 வரையான டியூராமக்ஸ், 2011 முதலான ஃபோர்ட் 6.7 லீற்றர் டீசல், 2019, 2020ஆம் ஆண்டுகளின் ராமின் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் ஆகியவற்றில் அந்தப் பம்ப் இருந்தது. ராம் வண்டிகளை நிறுவனமே 2021இல் மீள அழைத்தது. அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதை அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு பார்க்கலாம். 2017 முதலான டியூராமக்ஸில் வேறு பம்ப். எதுவானாலும் எரிபொருள் பில்டர் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்கக்கூடாது. டீசலில் கலந்த நீரே அந்தப் பம்பின் முதல் எதிரி.

கேள்வி: இழுக்காமல், பிக்கப்பின் முதுகில் அப்படியே ஏற்றிவைக்கும் கேம்பருக்கும் இதே விதிதானா?
– வாசகர், தெஹிவளை

பதில்: அதற்கு விதி இன்னும் கடுமையானது. இழுக்கும் கேம்பரின் எடையில் ஒரு பகுதி மட்டுமே பிக்கப்பில் இறங்குகிறது. முதுகில் ஏற்றும் கேம்பரோ முழுமையாக இறங்குகிறது. குளிர்காலத்துக்கும் ஏற்ற வகைகள் தண்ணீரும் எரிவாயுவும் நிரப்பியபின் 3,000 இறாத்தலைத் தாண்டுவது வழமை. டீசலின் கூடுதல் எடை அங்கே நேரடியான இழப்பு என்பதால், ஒரு தொன் வகுப்பில், பின்புறம் இரட்டைச் சில்லுள்ள பெற்றோல் வண்டியையே நான் பரிந்துரைப்பேன். கேம்பரின் பக்கவாட்டில் அதன் புவியீர்ப்பு மையத்துக்கு ஓர் அடையாளம் இட்டிருப்பார்கள். அது பின் அச்சுக்கு முன்னால், பிக்கப்பின் கைநூல் குறிப்பிடும் எல்லைக்குள் விழுகிறதா என்பதை ஏற்றிப் பூட்டுமுன் அளந்து பார்க்க வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சில்லுகளின் மீதுள்ள பாரம் குறைந்து, ஸ்ரியரிங் பிடி தளரும். எஞ்சின் எதுவானாலும் அதைச் சரிப்படுத்தாது.