டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடுமா?

வராது. உங்கள் பிள்ளையோ பேரனோ சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறார், பயணச்சீட்டில் உள்ள நேரம் உங்கள் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று ஊகிக்கிறேன். பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துத் தூரத்தை அளக்கக் கூடாது. என் வகுப்பில் உலக உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். நிலநடுக்கோட்டின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். ஆகவே அந்தக் கோட்டில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நூலை அங்கே வைத்துப் பாகைகளை எண்ணினால் தூரம் கிடைத்துவிடும். டெல்லியிலிருந்து இழுத்த நூல் வட துருவத்தின் அருகே போய் இறங்குவதைப் பார்த்ததும், நம்பாமல் மறுபடி இழுத்துப் பார்க்காத மாணவரே இல்லை. சுமார் 12,400 கிலோமீட்டர் வரும். அந்த ஒரே உருண்டையும் உடைந்துவிடும் என்று அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. சாவிக்காக ஒவ்வொரு முறையும் நான் காத்து நின்றது இன்றும் ஆறவில்லை. பிள்ளைகள் தொட முடியாத கருவியைப் பள்ளி எதற்காக வாங்க வேண்டும்?

பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்று திருத்த வருவோர் உண்டு. அதனால் நேரும் பிழை ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. கை நூலின் பிழை அதைவிடப் பெரிது.

ஆனால் விமானம் நூல் போன வழியில்தான் போகும் என்பதில்லை. ஏர் இந்தியா முதலில் இத்தடத்தில் அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியபோது தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டராகக் கூடியது; பயண நேரமோ இரண்டு மணி நேர அளவுக்குக் குறைந்து, சுமார் பதினான்கரை மணி நேரமாயிற்று. மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று, அட்லாண்டிக் வழியாக மேற்கே பறந்தபோது எதிர்த்தது, பசிபிக் வழியாகக் கிழக்கே பறந்தபோது பின்னிருந்து தள்ளியது. மணிக்கு 900 கிலோமீட்டர் என்று நாம் சொல்லும் வேகம் விமானத்தைச் சூழ்ந்த காற்றோடு ஒப்பிட்டது, தரையோடு ஒப்பிட்டதன்று. நீங்கள் வகுத்த கணக்கு பொய்ப்பது இங்கேதான்.

வான்வெளித் தடையும் நேரத்தை மாற்றும். 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின், ஒன்பதரை மணி நேரம் போல எடுத்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்தை ஒட்டி நீண்டது.

ஆகவே பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களிலிருந்தே கணக்கிடுங்கள். அவை அந்தந்த ஊர் நேரங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அவற்றில் அடக்கம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், மற்ற நாட்களில் பதின்மூன்றரை மணி நேரம். இறங்கும் நேரத்தோடு அதைக் கூட்டி, புறப்படும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள்.