அமெரிக்கக் கல்லூரியில் விளையாட்டு மாணவர்: அறை யார் பொறுப்பு?

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது. கோச் 'ஃபுல்' என்கிறார். தங்குமிடமும் அதில் அடக்கம்தானே? — ஒரு தாய்

பதில்: கோச் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. கையெழுத்துக்கு வரும் உதவித்தொகைக் கடிதத்தில் அறை, சாப்பாடு இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழு உதவி என்றால் கல்விக் கட்டணம், இதரக் கட்டணங்கள், அறை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேரும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் டிவிஷன் (உயர்நிலைப் பிரிவு) கல்லூரிகள் 2015 முதல் பயணச் செலவு, கைச்செலவு வரை கொடுக்கலாம். இரண்டாம் டிவிஷனில் பெரும்பாலும் பகுதி உதவிதான். மூன்றாம் டிவிஷனிலும், ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

பலர் கவனிக்காமல் விடுவது வரி. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் தரும் உதவிக்கு வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் தருவதற்கு உண்டு. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு வழக்கமான பிடித்தம் 14 சதவீதம். அறையும் சாப்பாடும் 10,000 டாலர் என்றால் 1,400 டாலர். பணம் கைக்கே வராமல் அறையாகக் கிடைத்தாலும் இந்த வரி உண்டு. அதனால்தான் 'எல்லாம் இலவசம்' என்று போன பிள்ளையின் கணக்கில் திடீரென்று பாக்கி காட்டும். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவில் நிலைக்கழிவுச் சலுகை (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்: வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு வரி விலக்கு) இருக்கிறது. உதவித்தொகையையும் பிடித்த வரியையும் காட்டிக் கல்லூரி தரும் 1042-எஸ் படிவத்தை வைத்து, வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்பி வர வாய்ப்புண்டு.

கேள்வி: மகன் 6 அடி 9 அங்குலம், கூடைப்பந்து. வீரர்களுக்குத் தனி விடுதி இருக்குமா? — ஒரு தந்தை

பதில்: ஒரு காலத்தில் இருந்தது. 1991-இல் தீர்மானித்து 1996-இல் நடைமுறைக்கு வந்த என்.சி.ஏ.ஏ. விதி, பாதிப் பேரோ அதற்கு மேலோ வீரர்களாக உள்ள விடுதிகளுக்குத் தடை போட்டது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 2013-இல் திறந்த ஹெடிங்டன் ஹாலில் வீரர்களோடு மற்ற மாணவர்களும் தங்குவதற்கு அதுவே காரணம். முதலாண்டில் வளாகத்துக்குள்தான் தங்கவேண்டும் என்று பல கல்லூரிகள் கட்டாயப்படுத்துகின்றன. விளையாட்டு அதற்கு விலக்கு ஆகாது. உங்களுக்கு உண்மையான சிக்கல் கட்டில்தான். விடுதியில் வழக்கமாகப் போடும் 'ட்வின் எக்ஸ்எல்' மெத்தை 80 அங்குலம், அதாவது 6 அடி 8. நீளக் கட்டில் வேண்டும் என்று விடுதி அலுவலகத்துக்கு அறை ஒதுக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டாம் ஆண்டில் மூன்று டீம் நண்பர்களோடு வெளியே வீடு எடுக்க நினைக்கிறேன். உதவித்தொகை கட்டுப்படியாகுமா? — ஒரு கால்பந்து மாணவர்

பதில்: வெளியே தங்கினால், கல்லூரி தன் விடுதி அறைக்கு வைத்திருக்கும் மதிப்பைப் பணமாகத் தருவது வழக்கம். அது பெரும்பாலும் கல்வியாண்டின் ஒன்பது, பத்து மாதங்களுக்கு மட்டும். வீட்டு ஒப்பந்தமோ பன்னிரண்டு மாதம். உதாரணத்துக்கு, மாதம் 1,000 வீதம் ஒன்பது மாதம் வந்தால் 9,000 டாலர். உங்கள் பங்கு வாடகை 850 என்றால் ஆண்டுக்கு 10,200. மின்சாரம், இணையத்துக்கு முன்பே 1,200 குறைகிறது. கோடைப் பயிற்சிக்கு உதவித்தொகை உண்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

அடுத்த பள்ளம் ஆகஸ்டில். மாணவர் ஊர்களில் பழைய ஒப்பந்தம் ஜூலைக் கடைசியில் முடிந்து புதியது ஆகஸ்ட் நடுவில் தொடங்குவது சகஜம். உங்கள் அணியோ ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கூடிவிடும். அந்த இரண்டு வாரம் எங்கே தங்குவது என்று அணியின் நிர்வாக மேலாளரிடம் மே மாதத்திலேயே பேசிவிடுங்கள்.

நால்வரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், ஒருவர் வேறு கல்லூரிக்கு மாறிப் போனாலும் முழு வாடகையை வீட்டுக்காரர் மற்ற மூவரிடம் கேட்க முடியும். ஆண்டுதோறும் வீரர்கள் இடம் மாறும் இந்தக் காலத்தில் இது வெறும் பயம் அல்ல. கொஞ்சம் விலை கூடினாலும் படுக்கைவாரியாகத் தனித்தனி ஒப்பந்தம் போடும் குடியிருப்பையே எடுங்கள். ஸ்காலர்ஷிப் நின்றாலும் வாடகை நிற்காது. உள்வாடகைக்கு விடலாம் என்ற வாசகம் எழுத்தில் இருக்கவேண்டும். அமெரிக்காவில் வருமானம் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் ஜாமீன்தாரரையோ கூடுதல் முன்பணத்தையோ கேட்பார்கள். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்க முடியாது. குடிபுகும் அன்றே சுவர், தரை, அடுப்பைத் தேதியோடு படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும்போது அதுதான் சாட்சி. எஃப்-1 விசாவில் இருப்பவர் முகவரி மாறிய 10 நாளுக்குள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குச் சொல்லியாகவேண்டும்.

கேள்வி: கல்லூரி அணிக்கு நன்கொடை தருபவர் ஒருவர் பாதி வாடகைக்கு வீடு தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? — ஒரு மாணவி

பதில்: விதிமுறைகளைப் பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் எழுத்தில் சம்மதிக்காதவரை வேண்டாம். விளையாடும் தகுதியைத் தொலைக்க இதைவிடக் குறுக்கு வழி இல்லை. அதே வீட்டை அதே வாடகைக்கு எந்த மாணவருக்கும் தருவாரா என்பதைத்தான் அந்த அலுவலகத்தில் முதலில் கேட்பார்கள்.