கையெழுத்துப் போடும் முன்: ஐடி ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐடி சேவை நிறுவனம் ஒன்றில் 6 வருடமாக வேலை செய்கிறேன். இரண்டு மாதமாக பெஞ்ச் (புராஜெக்ட் எதுவும் ஒதுக்கப்படாமல் காத்திருக்கிறேன்). என்னோடு பெஞ்சில் இருந்த இருவரை எச்.ஆர். தனியாக அழைத்து, “இன்றே ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம், இல்லையென்றால் டெர்மினேஷன்” என்று சொல்லி எழுதி வாங்கிவிட்டார்கள். அடுத்து என் முறைதான். என்ன செய்வது?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போர்ட்டலில் ராஜினாமா பொத்தானையும் அழுத்தாதீர்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அது விருப்ப விலகல் ஆகிவிடும். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் சட்டப்படி தரவேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

“ஐடிக்கெல்லாம் தொழிலாளர் சட்டம் கிடையாது” என்பார்கள். நம்பாதீர்கள். ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. சட்டப்படி நீங்கள் ‘தொழிலாளர்’தானா என்பதைப் பதவிப் பெயரோ சம்பளத் தொகையோ மட்டும் தீர்மானிப்பதில்லை, உண்மையில் செய்யும் வேலைதான் முக்கியம். புரோகிராம் கோடு எழுதுவதும் டெஸ்ட் செய்வதும்தான் உங்கள் வேலை என்றால், ‘லீட்’ என்ற பட்டம் இருந்தாலும் வாதாட இடமுண்டு. லீவு அனுமதிப்பதும் ரேட்டிங் போடுவதுமே பிரதான வேலை என்றால் கஷ்டம்.

உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை இன்றே எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் 90 நாள் என்று அதில் இருந்தால், அவர்கள் நீட்டும் இரண்டு மாதச் சம்பளம், ஏற்கெனவே தரவேண்டிய நோட்டீஸ் சம்பளத்தைவிடவே குறைவு! பலர் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சந்திப்பு முடிந்ததும் அன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: “இன்று மாலை 3 மணிக்கு நடந்த சந்திப்பில் ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு அந்த விருப்பம் இல்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். காரணத்தை எழுத்தில் தாருங்கள்.” இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். பே ஸ்லிப், ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதங்களை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். லாகின் எந்த நிமிடமும் துண்டிக்கப்படலாம். ஆனால் நிறுவனத்தின் புரோகிராமையோ கிளையன்ட் ஆவணத்தையோ சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அதையே காரணமாக்கி டெர்மினேட் செய்ய வழி கொடுத்ததாகிவிடும்.

பேசி முடித்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், தொகை, லீவுப் பணம், ரிலீவிங் லெட்டரின் வாசகம், பணம் வரும் தேதி எல்லாம் எழுத்தில் வந்த பிறகே ராஜினாமா. குரூப் இன்சூரன்ஸில் அப்பா, அம்மா இருந்தால், அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற கடைசி வேலை நாளுக்கு முன்பே கேளுங்கள். சர்க்கரை, பி.பி. உள்ளவர்களுக்குப் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க இது அவசியம்.

டெர்மினேட்டே செய்துவிட்டால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். தாமதிக்காதீர்கள்.

கேள்வி: 4 வருடம் 7 மாதம் முடிந்திருக்கிறது. வாரம் ஐந்து நாள் வேலை. நோட்டீஸ் 90 நாள். புது நிறுவனம் 30 நாளில் வரச் சொல்கிறது, பை-அவுட் தொகையும் (மீதி நோட்டீஸ் நாட்களுக்காகப் பழைய நிறுவனத்துக்குக் கட்டவேண்டிய பணம்) தருவதாகச் சொல்கிறது. போகலாமா?
– வாசகி, கோவை

பதில்: கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரவேண்டிய பணிக்கொடையை, கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். அதைப் பெற ஐந்து வருட வேலை தேவை என்பது பொது விதி. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்பது சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களுக்கு அந்த 240, 190 ஆகிறது. நோட்டீஸில் வேலை செய்யும் நாட்களும் சேரும்.

30 நாளில் கிளம்பினால் ஐந்தாவது வருடத்தில் எட்டு மாதம், அதாவது சுமார் 35 வாரம். ஐந்தால் பெருக்கினால் 175 நாள், 190-ஐத் தொடாது. முழு நோட்டீஸும் இருந்தால் 43 வாரம், 215 நாள். தாண்டிவிடும், சம்பளமில்லா லீவு நிறைய இல்லாத பட்சத்தில். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள்: அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும், ஐந்து வருடத்தாலும் பெருக்கினால் சுமார் 1,15,385 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு வருடமாகக் கணக்காகும் என்பதால்தான் ஐந்து.

சில நிறுவனங்கள் ஐந்து வருடம் முழுதாக முடியாமல் தர மறுக்கும். அப்போது கிராஜுவிட்டி தகராறுகளை விசாரிக்கும் அலுவலரிடம் போகவேண்டி வரும். அதனால் என் யோசனை: புது நிறுவனத்திடம் 90 நாளோடு இன்னும் இரண்டு மாதம் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் வழக்குக்கே இடமில்லை. மறுத்தால், இழக்கும் தொகையை ஜாயினிங் போனஸாகக் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பழைய இடத்தின் கடைசி நாளுக்கு முன் புது இடத்தில் சேர்ந்தால், பி.எஃப். கணக்கில் இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் பதிவாகி, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டும்.

கேள்வி: மூன்று வருடமாக சப்போர்ட் புராஜெக்ட், டிக்கெட் (பயனர்கள் பதியும் கோளாறுப் புகார்) மூடுவதே வேலை. டெவலப்மென்ட் இன்டர்வியூவில் எடுபடவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: கடந்த ஆறு மாத டிக்கெட்டுகளை காரணவாரியாகப் பிரியுங்கள். அடிக்கடி திரும்பி வரும் ஒன்றை வேரோடு தீர்த்துக் காட்டுங்கள்.

உதாரணமாக, ‘காலையில் ரிப்போர்ட் பக்கம் மெதுவாக வருகிறது’. ரீஸ்டார்ட் செய்து டிக்கெட்டை மூடாதீர்கள். ஸ்லோ குவெரி லாகில் (தாமதமாகும் டேட்டாபேஸ் கேள்விகள் பதிவாகும் இடம்) அந்தக் குவெரியைப் பிடித்து எக்ஸ்பிளெய்ன் (டேட்டாபேஸ் அதை எப்படித் தேடுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். முழு டேபிளையும் அது படிக்கிறதென்றால், WHERE கண்டிஷனில் தேதி உள்ள நெடுவரிசையை (column) ஏதாவது ஃபங்ஷனுக்குள் வைத்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி எழுதினால் அந்த நெடுவரிசையில் உள்ள சாதாரண இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) பயன்படாது. ‘இந்தத் தேதி முதல், அடுத்த தேதிக்கு முன் வரை’ என்று மாற்றுங்கள். கிளை எண்ணும் தேதியும் சேர்ந்த இண்டெக்ஸ் என்றால், சமம் பார்க்கும் கிளை எண் முதலில், வரம்பு பார்க்கும் தேதி அடுத்து. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

ரெஸ்யூமில் ‘டிக்கெட் கையாண்டேன்’ என்ற வரியை எடுத்துவிட்டு, கோளாறு என்ன, காரணம் என்ன, மாற்றம் என்ன, நேரம் எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கும். கூடவே, இப்போதைய புராஜெக்டிலேயே சின்ன பக் ஃபிக்ஸ்களை டெவலப்மென்ட் டீமிடம் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ரிவ்யூ செய்து உங்கள் கோடு புரொடக்‌ஷனுக்குப் போனால், எந்த கோர்ஸ் சர்டிஃபிகேட்டைவிடவும் அதற்கு மதிப்பு அதிகம்.