கழுவின மறுநாளே மீன் ஏன் சாகிறது?

கேள்வி: 2 அடி நீளத் தொட்டியில் ஐந்து கோல்டு ஃபிஷ், எட்டு மாதமாக நன்றாக இருந்தன. தண்ணீர் மங்கலாகத் தெரிந்ததால் ஞாயிறு காலை மொத்தத்தையும் இறைத்துக் கொட்டி, கூழாங்கல்லை அலசி மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து கழுவினோம். புதுத் தண்ணீரில் குளோரின் எடுக்கும் சொட்டு விட்டுத்தான் நிரப்பினேன். திங்கள் சாயங்காலம் ஐந்தும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவ்வாய் ஒன்று செத்துவிட்டது. கடையில் பூஞ்சை நோய் என்று சொல்லி நீல மருந்து கொடுத்தார்கள், ஊற்றினேன், புதன்கிழமை இன்னொன்றும் போய்விட்டது. இது என்ன நோய் சார்? (வாசகி, ஆவடி)

பதில்: நோயே இல்லைங்க. மெயில் வந்த அன்றே உங்களுக்குச் சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்கும் உதவுமே என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொட்டியில் எல்லா மீனும் ஒரே நாளில் படுத்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். தொற்று நோய் பெரும்பாலும் ஒன்றில் ஆரம்பிக்கும், பல சமயம் போன வாரம் புதிதாக வாங்கி விட்ட மீனில், அப்புறம்தான் மற்றதற்குப் பரவும். ஐந்தும் ஒரே சாயங்காலம் மேலே வந்து மூச்சு வாங்கியது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே எனக்குப் போதுமாக இருந்தது. குளோரினாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே, நிரப்பிய சில மணி நேரத்தில் தெரிந்திருக்கும், நீங்கள் சொட்டும் விட்டிருக்கிறீர்கள். ஒன்றரை நாள் கழித்து வருகிறது என்றால் அது அமோனியா.

மீன் விடும் அமோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது, மிச்சம் வைத்த தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கும். இதைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும் அப்புறம் அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியாக்கள். அவை தண்ணீரில் இருப்பது சொற்பம், குடியிருப்பதெல்லாம் பஞ்சிலும் கூழாங்கல்லிலும்தான். பஞ்சைக் குளோரின் தண்ணீரில் பிழிந்து, கல்லை வெயிலில் காயவைத்தால் என்ன மிஞ்சும்? உறை மோரையும் கொட்டிப் பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவிவிட்டு, பால் ஏன் தோயவில்லை என்று கேட்கிற மாதிரிதான். நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை, அளவுக்கு மீறிச் சுத்தம் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எனக்குக் கோபம் அந்தக் கடைக்காரர் மேல். தண்ணீர் எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டிலை எடுத்து நீட்டுவது என்ன வைத்தியம்? அந்த நீல மருந்து மிச்சம் மீதி இருந்த பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும்.

இன்னொன்று. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் பிஎச் (அமில-கார அளவு) 8 பக்கம் நிற்கும். 7-இல் இருந்து 8-க்கு ஏறினாலே அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது, தண்ணீர் சூடு ஏறினால் இன்னும் கூடும். அதனால் பக்கத்து வீட்டுத் தொட்டியில் இதே தப்பு ஒன்றும் செய்யவில்லையே என்று ஒப்பிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: மருந்தை நிறுத்துங்கள். மூன்று நாளைக்குத் தீனியே வேண்டாம், வளர்ந்த கோல்டு ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் எடுத்து, தொட்டியின் அதே சூட்டில் மாற்றுங்கள். ஏர் பம்ப்பை அணைக்காதீர்கள். ஆரோக்கியமான மீன் வைத்திருக்கிற நண்பர் யாராவது இருந்தால் அவருடைய பழைய பஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் செருகுங்கள், அந்த அழுக்குத்தான் இப்போது மருந்து. சொட்டு மருந்து மாதிரி விடும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை இந்த வேலை ஓயாது, பாக்டீரியா புதிதாக உருவாக 4 முதல் 6 வாரம் ஆகலாம். நடுவில் நைட்ரைட் ஏறும்போது ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓடியும் மீன் திணறும், செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகத் தெரியும். அதற்கு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு, உங்கள் தொட்டிக்குச் சுமார் 50 கிராம், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் போகவிடாமல் தடுக்கும். இனிமேல் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே வாளியில் லேசாகப் பிழிந்தால் போதும்.

மிச்ச மூன்றும் தேறிவிட்டன என்று அப்புறம் எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். மூன்றோடு நிறுத்துங்கள். அந்தத் தொட்டிக்கு அதுவே அதிகம்.

கழுவவே இல்லை, ஆனாலும் எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விட்டது என்பவர்கள் அறையில் கொசுவுக்கு என்ன அடித்தார்கள் என்று யோசியுங்கள். கொசு மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனம் மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்தானே ஊதுகிறது! ஒரு மழைக்காலத்தில் கட்டிலுக்கடியில் ஸ்பிரே அடித்துவிட்டுப் படுத்தேன், விடிந்து பார்த்தால் பன்னிரண்டு கப்பி மீனும் மிதந்தன. அதிலிருந்து என் பம்ப் பால்கனியில் இருக்கிறது.

கேள்வி: மோலி மீன்களின் மேல் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. மூன்று நாள் மருந்து போட்டதும் மறைந்தது. ஒரு வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்திருக்கிறது. மருந்து போலியா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: மருந்து நல்லதாகவே இருக்கலாம், நீங்கள்தான் பாதியில் விட்டுவிட்டீர்கள். இது வெள்ளைப்புள்ளி நோய், கிருமியின் பெயர் இக்தியோஃப்திரியஸ். புள்ளி மறைந்தது என்றால் கிருமி செத்தது என்று அர்த்தமில்லை, மீனை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. கல்லுக்கு நடுவே உறை கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகி, நீந்திக்கொண்டு வெளியே வரும்போது மட்டும்தான் மருந்து அதைக் கொல்லும், தோலுக்கடியில் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் ஒன்றும் செய்யாது. ஆகவே புள்ளி போன பிறகும் சேர்த்து பத்து நாளாவது, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி தொடருங்கள். ஒன்று விட்டு ஒரு நாள் குழாய் வைத்து அடிக்கல்லை உறிஞ்சி எடுங்கள். ஹீட்டர் இருந்தால் ஒரு நாளைக்கு 1 டிகிரி என்று மெதுவாக 30 வரை ஏற்றுங்கள், கிருமியின் சுற்று வேகமாக முடிந்து மருந்தில் சீக்கிரம் மாட்டும். இரண்டு தொட்டி வைத்திருந்தால் வலையைப் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள், அப்படித்தான் ஆக வேண்டும் என்றால் வெயிலில் மொறமொறவென்று காய்ந்த பிறகு எடுங்கள்.