கூரையை மட்டும் போட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, 12 பசுக்கள் வைத்திருக்கிறேன். 30 ஆக்கலாம் என்று புதுக் கொட்டகை ஆரம்பித்தேன். விவசாயக் கட்டடத்துக்கு அனுமதியே வேண்டாம் என்று ஷெட் போட்டுத் தருகிறவர் சொன்னார். தூண் நட்டு, கூரைத் தகடும் வந்து இறங்கிய பிறகு, வேலையை நிறுத்தச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். எந்தப் படிவம் கொடுப்பது? அதற்குள் கூரையை மட்டும் போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு ஏற்றுகிற ஒவ்வொரு தகடும் வேண்டுமென்றே செய்ததாகத்தான் எழுதப்படும். நோட்டீஸில் எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள், எத்தனை நாளுக்குள் பதில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். வேலையை நிறுத்திவிட்டேன் என்று அந்தக் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். படிவம் எது என்பதை அந்த அலுவலக எழுத்தரே சொல்வார், அது பெரிய விஷயமில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: 30 மாட்டின் சாணத் தண்ணீர் எங்கே போகும்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 400 கிலோ எடையுள்ள கறவை மாடு சாணமும் மூத்திரமுமாக ஒரு நாளைக்கு 30 கிலோவாவது போடும். 30 மாட்டுக்கு 900 கிலோ, மாதத்துக்கு 27 டன். கழுவுகிற தண்ணீர் தனி. அப்புறம் மழை. கூரை 300 சதுர மீட்டர் என்று வையுங்கள், 50 மில்லிமீட்டர் மழை ஒரு ராத்திரி பெய்தால் அதிலிருந்து மட்டும் 15,000 லிட்டர் இறங்கும். அது முற்றத்துச் சாணத்தில் விழுந்தால் அத்தனையும் சாணத் தண்ணீர், குழி நிரம்பி வழிந்து யார் கிணற்றுக்கோ போகும். கூரை ஓரத்தில் கால்வாய்த் தகடு போட்டுக் குழாயில் தனியாக இறக்கினால் அது வெறும் மழைத்தண்ணீர், தொட்டியில் பிடித்து மாட்டைக் கழுவலாம். கொட்டகைக்குச் செலவழிக்கிறவர்கள் இந்தத் தகட்டில்தான் மிச்சம் பிடிப்பார்கள், எனக்கு இது இன்றுவரை புரிந்ததில்லை.

அடுத்த மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு அந்தத் தூண்களுக்கு நடுவில் கால் மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் ஓடுகிற பக்கம், அது தேங்குகிற இடம், கிணறு, பக்கத்து வீடு, காற்று அடிக்கிற திசை, எல்லாவற்றையும் ஒரு தாளில் கையாலேயே வரையுங்கள். நாலு இடத்தில் டேப் பிடித்துத் தூரத்தையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு எழுத்தரிடம் போய், கொட்டகைக்கும் பக்கத்து இடத்துக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியை எங்கிருந்து எங்கே அளப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். கொட்டகைச் சுவரிலிருந்தா, சாணக்குழி விளிம்பிலிருந்தா? வீட்டுச் சுவர் வரையா, நில எல்லை வரையா? நல்ல மனுக்கள்கூடத் திரும்பி வருவது இந்த இடத்தில்தான். உங்களுக்குத் தூரம் போதவில்லை என்றால் குழியைப் பின்பக்கம் மாற்றினாலே சரியாகிவிடலாம், தூணைப் பிடுங்க வேண்டியிருக்காது.

மனுவில் 30 என்றே எழுதுங்கள். இப்போது 15 என்று போட்டு அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கூட்டுகிற அன்று மறுபடி முதலிலிருந்து வர வேண்டும், அதற்குள் எதிர்ப்பும் வளர்ந்திருக்கும்.

ஷெட் வியாபாரி சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம், கட்டட அனுமதியிலிருந்து விவசாயக் கொட்டகைக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு கழிவுநீருக்கோ மாட்டு எண்ணிக்கைக்கோ எல்லை இடைவெளிக்கோ தானாக வந்துவிடாது. அவர் விற்பது இரும்பு, சட்டமில்லை. சொன்னதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும். ஏஜென்ட் கதையும் இதேதான். ஒரு வாரத்தில் முடிப்பவர் உங்கள் நிலத்தைப் பார்க்காமலே யாரோ ஒருவருடைய வரைபடத்தை இணைத்துவிடுவார், ஆய்வுக்கு ஆள் வரும்போது குழி இருக்க வேண்டிய இடத்தில் கிணறு இருக்கும், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் மனு கொடுப்பதற்கு முன்பே அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள். குழியை எங்கே தள்ளலாம் என்று அவரே சொன்னாலும் சொல்வார்.

இறங்கிய தகடுகளைத் தரையில் போட்டு வைக்காதீர்கள். அடியில் கட்டை கொடுத்து, ஒரு பக்கம் சற்றுச் சரிவாக அடுக்கி, காற்றுப் போகிற மாதிரி மூடி வையுங்கள். துத்தநாகம் பூசிய தகடு என்றால், இடையில் ஈரம் நின்றால் வெள்ளை பூத்துவிடும்.