கிரேக்கம் எதற்கு?

கேள்வி: ஆயர் ஆவதற்காக பி.டி. (இறையியல் பட்டம்) படிக்கும் என் மகன், கிரேக்க வினைச்சொற்களைப் பார்த்தாலே தலைசுற்றுகிறது என்கிறான். தமிழில் பைபிள் இருக்கும்போது இது எதற்கு ஐயா?
- ஒரு தாய், நாசரேத்

பதில்: முதல் வருடம் நானும் அழுதவன்தான் அம்மா. துண்டுக் காகிதத்தில் சொற்களை எழுதி, மெஸ் வரிசையில் நின்று மனப்பாடம் செய்வேன். அப்புறம் ஒருநாள் யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை, அது முதலில் எழுதப்பட்ட கிரேக்கத்திலேயே வாசித்தோம். தன்மேல் அன்பு உண்டா என்று இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். முதல் இரண்டு முறை ‘அகபாவோ’ என்ற வினை; தன்னையே தரும் அன்பு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பேதுருவோ மூன்று முறையும் ‘ஃபிலேயோ’, அதாவது நண்பனைப்போல் நேசிக்கிறேன், என்றே பதில் சொல்கிறார். கடைசியில் இயேசுவே அந்தச் சொல்லுக்கு இறங்கி வருகிறார். இரண்டும் ஒரே பொருள்தான் என்னும் அறிஞர்களும் உண்டு. எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது. தினம் பத்துச் சொல் போதும் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.